மனதை அளக்கும் ஆய்வுகளில் எமது பிள்ளைகளின் இடம் எது?

2004 சுனாமிக்குப் பிறகு கிழக்குக் கரையோரத்துக்கு வினாக்கொத்துக்களுடன் வந்து போன ஆய்வாளர்கள் பலர். பாசிக்குடாவில் இன்று ஹோட்டல்கள் வரிசையாக எழுந்துவிட்டன. ஆனால் யுத்தத்தையும் கடலையும் ஒரே ஆயுளில் கண்டவர்கள் ஓட்டமாவடியிலும் வாழைச்சேனையிலும் இன்னும் எம்மோடு இருக்கிறார்கள்.

'கடந்த இரண்டு வாரங்களில் கவலையாக இருந்தீர்களா?' என்று வினாக்கொத்து கேட்கிறது என்று வைத்துக்கொள்வோம். பிள்ளையைக் கடலுக்குப் பறிகொடுத்த உம்மா 'அல்ஹம்துலில்லாஹ்' என்பார். அது 'இல்லை' என்ற பதிலா? எம்மை அறியாத ஒருவர் பூச்சியம் என்று குறித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். இத்தா இருக்கும் பெண்ணிடம் 'வெளியே போவதைத் தவிர்க்கிறீர்களா?' என்று கேட்டால் 'ஓம்' என்பார். நான்கு மாதமும் பத்து நாளும் இருக்கும் மார்க்கக் கடமை, தாளில் நோயின் அறிகுறியாகப் பதிவாகும்.

இது வெறும் கற்பனைப் பயமல்ல. நுவன் ஜயவிக்ரம, எரந்த ஜயவிக்ரம, எட்னா போவா உள்ளிட்டோர் 2012இல் வெளியிட்ட ஆய்வு இந்தக் கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டது. வடக்கு, கிழக்குத் தமிழ் பேசும் மக்கள் தமது துயரத்தைச் சொல்லும் சொற்களிலிருந்தே ஒரு வினாக்கொத்து உருவாக்கப்பட்டது. அதன் பெயரிலேயே பென்சில்வேனியாவும் பேராதனையும் சேர்ந்திருக்கின்றன. ஒருவர் அன்றாடக் கருமங்களைச் செய்ய எவ்வளவு சிரமப்படுகிறார் என்பதை, சர்வதேச வினாக்கொத்துக்கள் மட்டும் காட்டியதைவிட இதுவும் சேர்ந்தபோது கூடுதலாக அறிய முடிந்தது. ஆக, சொல் தெரிந்தவரும் ஆய்வுக்குத் தேவையானவர்தான்.

உளவியல் ஆய்வுகூடம் என்றதும் கண்ணாடிக் குழாய்களை நினைக்க வேண்டாம். ஒரு விரிவுரையாளர், சில பட்டப்பின் மாணவர்கள், ஒரு மேசை, பெரும்பாலும் அவ்வளவுதான். புதிதாகச் சேருபவருக்கு முதலில் கிடைப்பது சலிப்பான வேலை: ஒலிப்பதிவை எழுத்தாக்குவது, தரவுகளைக் கணினியில் ஏற்றுவது, மொழிபெயர்ப்பது. மொழிபெயர்த்ததை இன்னொருவர் மூலத்தைப் பார்க்காமலே திரும்ப ஆங்கிலமாக்குவார். கருத்து எங்கே திரிந்தது என்பது அப்போது வெளிப்படும். இதற்கு உளவியல் படித்தவராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. தமிழ், சமூகவியல், புள்ளிவிபரவியல், தாதியியல் படிப்போரும் சேரலாம்.

சேருவதற்கு, அந்த விரிவுரையாளரின் ஒரு கட்டுரையையாவது வாசித்துவிட்டுச் சுருக்கமாக மின்னஞ்சல் எழுதுங்கள். 'எனக்கு ஆர்வம் உண்டு' என்பதைவிட, 'கல்குடாப் பகுதி முஸ்லிம் பெண்களின் பேச்சுவழக்கு எனக்குத் தெரியும். வாரத்தில் ஆறு மணித்தியாலம் ஒதுக்க முடியும்' என்பது வேலைக்காகும். பதில் வராவிட்டால் இரண்டு வாரம் கழித்து மீண்டும் எழுதுவதில் தவறில்லை.

ஆனால் சேருமுன் நாமும் கேட்க வேண்டும். ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதி இருக்கிறதா? பேட்டியின் நடுவே ஒருவர் உடைந்து அழுதால் அவரை எங்கே அனுப்புவது? கட்டுரையில் என் பெயர் ஆசிரியராக வருமா, நன்றியுரையில் வருமா? தரவு திரட்டியதற்காக மட்டும் ஆசிரியர் என்று போடமாட்டார்கள். வினாக்களை அமைப்பதிலோ பகுப்பாய்விலோ எழுதுவதிலோ பங்கு வேண்டும். இதை முதல் வாரத்திலேயே பேசிவிடுவது நல்லது. கடைசியில் பேசினால் மனக்கசப்புத்தான் மிஞ்சும்.

மகளைக் களப்பணிக்கு அனுப்பப் பெற்றோர் தயங்குவது புரிகிறது. இருவராகப் போவதா, எத்தனை மணிக்குத் திரும்புவது, யார் பொறுப்பு என்று பெற்றோரே விரிவுரையாளரிடம் கேட்கலாம். அவள் போகாவிட்டால் அந்த வீட்டு வாசலுக்கு ஓர் ஆண்தான் போவார். பிள்ளை பெற்ற பிறகு காரணமில்லாமல் வந்த அழுகையைப் பற்றி எந்தப் பெண் அவரிடம் சொல்லப்போகிறாள்?