எல்லை கடக்கும் டிஜிட்டல் வங்கிகள்

கிளை எதனையும் திறக்காமலேயே பிறநாட்டு மக்களுக்கு வங்கிச் சேவை வழங்க முடியும் என்பது டிஜிட்டல் வங்கிகள் அளித்துவரும் உறுதிமொழியாகும். கையடக்கத் தொலைபேசிச் செயலி எந்த எல்லையையும் ஒரே நாளில் கடந்துவிடும். ஆனால், வங்கி நடத்துவதற்கான அனுமதிப்பத்திரம் அவ்வாறு கடப்பதில்லை. ஜேர்மனியின் என்26 வங்கி பெற்ற அனுபவம் இதனைத் தெளிவாக உணர்த்துகின்றது.

பேர்லினில் 2013ஆம் ஆண்டு ஆரம்பிக்கப்பட்ட இந்நிறுவனம் 2016இல் வங்கி அனுமதியைப் பெற்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஓர் உறுப்பு நாட்டில் பெறப்படும் அனுமதி ஏனைய உறுப்பு நாடுகளிலும் செல்லுபடியாகும். இந்த ஏற்பாட்டின் துணையுடனேயே என்26, 2018 ஒக்டோபரில் பிரித்தானியாவில் காலடி வைத்தது. ஒன்றியத்திலிருந்து விலகுவதென பிரித்தானிய மக்கள் அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன்னரே தீர்ப்பளித்திருந்தனர். 2020 ஜனவரி 31இல் விலகல் நடைமுறைக்கு வந்தது. அதனையே காரணமாகக் காட்டி, மறுமாதமே என்26 தனது வெளியேற்றத்தை அறிவித்தது. ஏப்ரல் 15ஆந் திகதி கணக்குகள் மூடப்பட்டன.

அமெரிக்காவில் 2019இல் நுழைந்தபோது, அந்த வங்கி வேறு வழியைத் தேர்ந்தது. சொந்த அனுமதி பெறாமல், அந்நாட்டின் அக்சோஸ் வங்கியுடன் கூட்டுச் சேர்ந்தது. பெயரும் செயலியும் என்26 உடையவை. வைப்புப் பணமோ அக்சோஸ் வசம் இருந்தது. இத்தகைய ஏற்பாட்டில் அட்டைக் கொடுப்பனவுகளில் கிடைக்கும் சிறு கட்டணமே பிரதான வருமானமாக அமைகின்றது. கடன் வழங்கி வட்டி ஈட்டும் வாய்ப்பு குறைவு. ஏறத்தாழ 5 இலட்சம் வாடிக்கையாளர்கள் இணைந்திருந்தும், 2022 ஜனவரி 11உடன் அச்சேவை நிறுத்தப்பட்டது.

சொந்த வீட்டிலும் நிலைமை சீராக இருக்கவில்லை. சந்தேகத்திற்குரிய கொடுக்கல் வாங்கல்களைத் தாமதித்து அறிவித்தமைக்காக ஜேர்மனிய ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை 2021இல் அவ்வங்கிக்கு 42.5 இலட்சம் யூரோ அபராதம் விதித்தது. மாதத்திற்கு 50,000 புதிய வாடிக்கையாளர்களை மாத்திரமே சேர்க்கலாம் என்ற கட்டுப்பாடும் அதே ஆண்டில் விதிக்கப்பட்டு, 2024 வரை நீடித்தது.

பிரித்தானியாவின் மொன்சோ வங்கியும் அமெரிக்க அனுமதிக்கு 2020இல் விண்ணப்பித்து, மறு ஆண்டே அவ்விண்ணப்பத்தை மீளப் பெற்றுக்கொண்டது. ஆகவே, இதனை ஒரு நிறுவனத்தின் தனித்த தடுமாற்றமாக நாம் கருதவில்லை.

புலம்பெயர்ந்து வாழும் எமது உறவுகள் பலர் இத்தகைய செயலிகளிலேயே சம்பளத்தைப் பெற்று, ஊருக்கும் பணம் அனுப்புகின்றனர். செயலியில் தெரியும் பெயரைவிட, பணம் எந்த வங்கியில் உள்ளது என்பதும் எந்நாட்டு வைப்புக் காப்புறுதி அதற்கு உண்டு என்பதுமே முக்கியமானவை. ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு வங்கியில் ஒருவருக்கு ஓர் இலட்சம் யூரோ வரை அப்பாதுகாப்பு உண்டு. கணக்கை ஆரம்பிக்கும் முன்னரே இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடிக்கொள்வது அவசியமென வலியுறுத்த விரும்புகின்றோம்.