நோட்டில் எழுதிய ஊர்ப்பெயர்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் ஒரு காலத்தில் சிற்றூர்ப் பாங்குகளும் தத்தம் பெயர் பொறித்த டாலர் நோட்டுகளை வெளியிட்டு வந்தன. உள்நாட்டுப் போரின் நடுவே, 1863இல் இயற்றப்பட்ட நாஷனல் பாங்குச் சட்டம் அவ்வுரிமையை வழங்கியது. பாங்கு, அரசாங்கக் கடன் பத்திரங்களை வாங்கிக் கருவூலத்தில் ஈடாக வைத்து, அதற்கேற்ற அளவில் நோட்டுகளைப் பெற்றுக்கொள்ளும். ஆதலின் பாங்கு நொடித்தாலும் நோட்டு செல்லும். 1935இல் அந்த ஈட்டுப் பத்திரங்களை அரசு மீட்டுக்கொள்ளவே இம்முறை முடிவுற்றது.

இந்நோட்டுகளை இனங்காண்பது எங்ஙனம்? முகப்பில் 'நாஷனல் கரன்ஸி' என்னும் தலைப்பும், பாங்கின் பெயரும், ஊரும், பாங்குத் தலைவர், காஷியர் ஆகியோரின் கையொப்பங்களும் இருக்கும். மிகப் பழையன நீங்கலாக, பாங்கின் சாசன எண்ணும் காணப்படும். 1929க்கு முந்தியவை அளவில் பெரியவை. 1929ஆம் ஆண்டு வரிசை நோட்டுகள் சிறியவை. பழுப்பு நிற முத்திரை உடையவை. அவ்வரிசையில் ஃபெடரல் ரிசர்வ் பாங்குகளின் பெயரிலும் அதே தலைப்பும் முத்திரையும் கொண்ட நோட்டுகள் உண்டு. அவற்றில் சாசன எண் இராது. அவை வேறு இனம்.

இனி விலையைக் காண்போம். பழமை ஒன்றே விலையாகாது. 1902 என்று பொறித்திருப்பது வரிசையின் ஆண்டே. அவ்வரிசை 1929 வரை வெளிவந்தது. நியூயார்க், சிகாகோ போன்ற மாநகரங்களின் பெரும் பாங்குகள் ஏராளமாக வெளியிட்டமையால், அவற்றின் நோட்டுகள் எளிதிற் கிடைப்பன. சிற்றூர்ப் பாங்கு ஒன்றின் நோட்டுகளில் இரண்டொன்றே எஞ்சியிருப்பின், சேகரிப்போர் அதற்குப் பெருந்தொகை தருவர். வரிசை எண் 1 உடையதற்கும் மதிப்பு மிகுதி. ஆகவே ஊர், பாங்கு, சாசன எண் மூன்றையும் குறித்துக்கொண்டு, எஞ்சிய நோட்டுகளைப் பாங்கு வாரியாகக் கணக்கிட்ட அட்டவணைகளோடு ஒப்பிட்ட பின்னரே விலை பேசுதல் நன்று.

நோட்டின் நிலையும் முக்கியம். மடிப்பு நீங்க இஸ்திரி போடுதல், கறை போகக் கழுவுதல், கிழிசலை ஒட்டுதல் ஆகியன நன்மை போலத் தோன்றினும் மதிப்பைக் குறைத்துவிடும். கிடைத்த நிலையிலேயே, மடியாமல் உறையிலிட்டு வைத்தலே தக்கது.

இந்நோட்டுகள் இன்றும் செல்லுபடியானவை. ஆயின் அதுவே ஓர் ஆபத்தும் ஆகும். பத்து டாலர் நோட்டுக்குப் பத்து டாலரே கிடைக்கும் என்றெண்ணி மாற்றிவிட்டவர், அதைப் போல் நூறு மடங்கு பெறுமானமுள்ள பொருளையும் இழந்திருக்கக்கூடும். பெரியோர் விட்டுச்சென்ற பெட்டியில் இத்தகைய தாள் ஒன்று அகப்பட்டால், வாசகர்கள் அதிலுள்ள தொகையைப் பார்க்குமுன் ஊரின் பெயரைப் படிப்பார்களாக.