நதிகள் பிறக்கும் ஹோட்டன் சமவெளி

கொழும்பில் வாழும் நாம் காலையில் எழுந்து குழாயைத் திருகுகிறோம், நீர் கொட்டுகிறது. அந்த நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், "களனி கங்கையிலிருந்து" என்று சிறு பிள்ளையும் விடை கூறும். ஆனால் களனி கங்கைக்கு நீர் எங்கிருந்து வருகிறது? ஒரு நாள் புவியியல் பாடத்தில் இக்கேள்வி எழுந்தபோது, "மழையிலிருந்து" என்று எல்லோரும் ஒரே குரலில் கூறினோம். "அது பாதி விடைதான். மற்றப் பாதியை நேரில் காட்டுகிறேன்" என்றார் எமது புவியியல் ஆசிரியையான சிஸ்டர். அந்த மற்றப் பாதியைத் தேடியே கடந்த பெப்ரவரி மாதத்தில் பத்தாந் தர மாணவியராகிய நாம் ஹோட்டன் சமவெளிக்குக் கல்விச் சுற்றுலா சென்றோம்.

ஹோட்டன் சமவெளி என்பது கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,100 மீற்றர் உயரத்துக்கு மேல் பரந்து கிடக்கும் ஒரு மேட்டுநிலமாகும். இலங்கையின் இரண்டாவது உயர்ந்த மலையான கிரிகல்பொத்தவும் (2,389 மீற்றர்), மூன்றாவது உயர்ந்த மலையான தொட்டுபொலவும் (2,357 மீற்றர்) இங்கேதான் நிற்கின்றன. சிங்கள மக்கள் இதனை 'மகா எலிய' என்று அழைத்தனர். 1831 முதல் 1837 வரை ஆளுநராயிருந்த சேர் ரொபேட் வில்மட் ஹோட்டனின் பெயரை ஆங்கிலேயர் இதற்குச் சூட்டினர். 1969ஆம் ஆண்டில் பாதுகாக்கப்பட்ட பிரதேசமாகவும், 1988ஆம் ஆண்டில் தேசிய பூங்காவாகவும் இது பிரகடனஞ் செய்யப்பட்டது. 2010ஆம் ஆண்டில் இலங்கையின் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக உலக மரபுரிமைப் பட்டியலிலும் இடம்பெற்றது.

முதல் நாள் இரவு நுவரெலியாவில் தங்கி, அதிகாலை நாலரை மணிக்குப் புறப்பட்டோம். பட்டிப்பொல வழியாகப் பஸ் வண்டி வளைந்து வளைந்து ஏறியது. கம்பளிச் சட்டைக்குள்ளும் குளிர் புகுந்தது. சமவெளியை அடைந்தபோது புல்லின் நுனிகளெல்லாம் உறைபனியால் வெண்மையாக இருந்தன. சோறும் சம்பலும் வாழையிலையில் கட்டிக்கொண்டு வந்திருந்தோம். இருந்தாலும் நடைபாதை தொடங்கும் இடத்தில் எமது பைகளைத் திறந்து காட்டும்படி அதிகாரிகள் கேட்டனர். பிஸ்கற்றுப் பொதிகளின் உறைகள் கழற்றப்பட்டு, பிஸ்கற்றுகள் கடதாசிப் பைகளுக்கு மாறின. தண்ணீர்ப் போத்தல்களின் பொலித்தீன் பட்டிகளும் கிழிக்கப்பட்டன. இவ்வேலை முடிய நெடுநேரமாயிற்று. "இது என்ன தொல்லை!" என்று முணுமுணுத்தோம். அதுமட்டுமா? எம்முள் சிலர் கம்பளிச் சட்டைப் பையில் டொபிகளை ஒளித்து வைத்துக்கொண்டோம். அப்போது அது எமக்குப் பெரிய கெட்டித்தனமாகத் தோன்றியது.

நடைபாதை சுற்றி வந்து புறப்பட்ட இடத்திலேயே முடிகிறது. மொத்தம் ஒன்பது கிலோமீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகும். முதலில் புல்வெளி, பின்பு காடு, மீண்டும் புல்வெளி. காட்டு மரங்கள் எமது ஊர் மரங்களைப்போல் உயர்ந்து வளர்வதில்லை. காற்றும் குளிரும் அவற்றைக் குட்டையாகவும் கோணலாகவும் வளரச் செய்கின்றன. கீனா மரங்களின் தலைகள் விரித்த குடைகளை அடுக்கி வைத்தாற்போல் இருந்தன. கிளைகளிலும் அடிமரங்களிலும் பாசி தாடியாகத் தொங்கியது. புல்வெளியின் ஓரத்தில் ரோடடென்றன் மரங்களைச் சிஸ்டர் காட்டினார். இமயமலையில் வளரும் இனத்தைச் சேர்ந்த இம்மரம் செந்நிறப் பூக்களைப் பூக்கும். உலகில் வேறெங்குமில்லாத ஒரு வகைத் தேவாங்கும் இக்காட்டில் வாழ்கிறது. அழிந்துவிட்டதென்று கருதப்பட்ட அதன் ஒளிப்படம் 2010ஆம் ஆண்டில் வெளியானபோது அறிவியல் உலகமே வியந்ததாம்.

நாம் ஆவலோடு எதிர்பார்த்தது 'உலக முடிவு' என்ற செங்குத்துப் பாறையையே. அங்கே நிலம் திடீரென அறுந்து, 800 மீற்றருக்கு மேல் கீழே இறங்குகிறது. ஆனால் நாம் அங்கு சென்றடைந்தபோது மணி பத்தாகிவிட்டது. பள்ளத்தாக்கிலிருந்து மூடுபனி எழுந்து எல்லாவற்றையும் மறைத்துவிட்டது. எமக்கு முன்னால் வெள்ளைச் சுவர் ஒன்றே நின்றது. இத்தனை தூரம் வந்தும் ஒன்றையும் காணவில்லையே என்று சிலருக்கு அழுகையே வந்துவிட்டது.

சிஸ்டர் மட்டும் சிரித்தார். "நீங்கள் தேடி வந்த விடை இதுதான்" என்று கூறி, எம்மை அருகிலிருந்த மரங்களின் கீழ் அழைத்துச் சென்றார். வானத்திலிருந்து மழை பெய்யவில்லை. ஆனால் மரத்தின் கீழே துளித் துளியாக நீர் விழுந்துகொண்டிருந்தது! தொங்கும் பாசியைத் தொட்டபோது கை நனைந்தது. காற்றில் மிதந்து செல்லும் மூடுபனியின் நுண்துளிகள் இலைகளிலும் பாசியிலும் படிகின்றன. ஒன்றுசேர்ந்து பெரிய துளிகளாகி நிலத்தில் விழுகின்றன. மழையற்ற நாட்களிலும் மரங்கள் இவ்வாறு மேகத்திலிருந்து நீரை வடித்தெடுக்கின்றன. காட்டு மண் அதனைப் பஞ்சுபோல் உறிஞ்சி வைத்து, சிறிது சிறிதாக ஓடைகளுக்கு விடுகிறது. மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பெரிய நதிகளுக்கும் இம்மேட்டுநிலத்திலிருந்து நீர் செல்கிறது. மரமில்லாவிட்டால் மூடுபனி வெறுமனே கடந்து போய்விடும். எமது மற்றப் பாதி விடை இதுவே.

இவ்வுண்மையை முன்னோரும் உணர்ந்திருந்தனர். தோட்டங்களுக்காகக் காடுகள் வேகமாக அழிக்கப்பட்ட காலத்தில், கியூ தாவரவியற் பூங்காவின் பணிப்பாளரான ஜோசப் ஹூக்கர், 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளை வெட்டக்கூடாதென்று 1873ஆம் ஆண்டில் ஆலோசனை கூறினார். அரசாங்கமும் அதனை ஏற்றது. அன்றேல் நாம் நின்ற இடத்திலும் தேயிலைச் செடிகள் நின்றிருக்கக்கூடும்.

திரும்பும் வழியில் பேக்கர் நீர்வீழ்ச்சியைக் கண்டோம். வளவையில் சேரும் பெலிஹுல் ஓயாவே அங்கு வீழ்கிறது. நடை முடிந்து வாகனங்கள் நிற்கும் இடத்துக்கு வந்தபோது, ஒரு பெரிய மரை மனிதருக்கு அஞ்சாமல் எம்மருகே வந்து எமது பைகளை மோந்து பார்த்தது. நாம் மகிழ்ந்து கைதட்டினோம். காவலர் ஒருவர் எம்மைத் தடுத்து, "அதற்கு ஒன்றும் கொடுக்காதீர்கள், பிள்ளைகளே. உணவு மணக்கும் பொலித்தீனையும் அது தின்றுவிடும். இறந்த மரைகளின் வயிற்றிலிருந்து பொலித்தீன் எடுத்திருக்கிறோம்" என்று சிங்களத்தில் கூறினார். அதைச் சிஸ்டர் எமக்குத் தமிழில் கூறவேண்டிய அவசியமே இருக்கவில்லை. எமது முகங்கள் வாடிவிட்டன.

டொபிகளை ஒளித்தவர்கள் தாமாகவே முன்வந்து உறைகளை எடுத்துக் கொடுத்தோம். தின்றவை ஏழு, கையிலிருந்த உறைகள் ஆறு. ஏழாவது எங்கே விழுந்ததென்று எவருக்கும் தெரியவில்லை. சிஸ்டரின் அனுமதியுடன் ஒரு கிலோமீற்றர் தூரம் திரும்பிச் சென்று தேடினோம். கிடைக்கவில்லை. சிஸ்டர் எம்மை ஏசவில்லை. ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

அன்புச் சகோதரிகளே! நீங்களும் அங்கு செல்வீர்களாயின், உலக முடிவைக் காண ஒன்பது மணிக்கு முன்பே சென்றடையுங்கள். வழுக்காத சப்பாத்தும் கம்பளிச் சட்டையும் அணியுங்கள். உணவை இலையில் கட்டிச் செல்லுங்கள். நடைபாதையை விட்டு விலகாதீர்கள்; ஒரு முறை மிதிபட்ட புல் அக்குளிரில் மீண்டும் தழைக்க நெடுங்காலமாகும். மூடுபனி மூடிவிட்டாலும் மனம் சோராமல், ஒரு மரத்தின் கீழ் நின்று அதன் துளிகளைக் கேளுங்கள்.

இப்போது எமது வகுப்பறைக்கு வெளியேயுள்ள குழாய் ஒழுகினால், எவரும் சொல்லாமலே ஒருத்தி எழுந்து சென்று அதனை இறுக மூடுகிறாள். அந்த ஏழாவது உறையை மாத்திரம் எம்மால் இன்னும் மறக்க முடியவில்லை.

பத்தாந் தர மாணவி