மூப்பைத் தள்ளிப்போட மருந்து உண்டா?

செஞ்சியில் ராஜகிரி மலை சுமார் 800 அடி உயரம். அறுபதைத் தாண்டிய சிலர் நிதானமாக உச்சி வரை ஏறிவிடுகிறார்கள். நாற்பது வயதுக்காரர் பாதிப் படியிலேயே மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடுகிறார். ஆதார் அட்டை சொல்லும் வயது ஒன்று, உடம்பின் வயது வேறொன்று. மூப்பு பற்றிய ஆராய்ச்சி இந்த இடைவெளியைத்தான் துருவிக்கொண்டிருக்கிறது.

சிதம்பரத்துக்காரரின் ஐயம்

செஞ்சியும் சிதம்பரமும் ஒரே தென் ஆற்காடு மாவட்டத்தில் இருந்த காலம். 1952-இல் சிதம்பரத்தில் பிறந்தவர் வெங்கி ராமகிருஷ்ணன். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமை ஆராய்ந்து, 2009-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர். நாம் ஏன் இறக்கிறோம் என்பதைப் பற்றி 2024-இல் ஒரு நூல் எழுதினார். வயதாக ஆக மரபணுவில் பழுது சேர்கிறது. உருக்குலைந்த புரதங்களை அகற்றும் வேலை மந்தமாகிறது. பிரிவதை நிறுத்திய கிழட்டுச் செல்கள் சாகாமல் கிடந்து அழற்சியைக் கிளப்புகின்றன. இத்தனை பழுதுகளையும் ஒரே மாத்திரை தீர்க்கும் என்று யார் சொன்னாலும் நம்புவதற்கில்லை. முதுமையை வெல்லப் புறப்பட்ட நிறுவனங்களின் ஆரவாரத்தை அவரும் ஐயத்தோடுதான் பார்க்கிறார்.

எலிக்குப் பலித்தவை

தீனியைக் குறைத்த எலிகள் கூடுதல் காலம் வாழ்ந்ததை 1935-லேயே கண்டார்கள். ஈஸ்டர் தீவு மண்ணிலிருந்த நுண்ணுயிரி தந்த ராபமைசின், வயதான சுண்டெலிகளின் ஆயுளையும் நீட்டியது; அந்த ஆய்வு வெளிவந்தது 2009-இல். ஆனால் ராபமைசின் சிறுநீரக மாற்று செய்துகொண்டவர்களுக்கு நோய் எதிர்ப்பைக் குறைக்கத் தரும் மருந்து. ஆயுளுக்காக அதை விழுங்குவது விபரீதம். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினும் சர்க்கரை இல்லாதவர்களின் மூப்பைத் தடுக்கும் என்று இன்னும் நிரூபணமாகவில்லை. காயகற்பம் என்ற பெயரில் விற்கும் ஊர்பேர் தெரியாத பொடிகளை வாங்கவே வேண்டாம். ஈயமோ பாதரசமோ கலந்திருந்தால் சிறுநீரகம் கெடும்.

ஆயுள் ஏற்கெனவே கூடிய கதை

விடுதலையின்போது இந்தியரின் சராசரி ஆயுள் ஏறத்தாழ 32. இன்று சுமார் 70. இதற்கு எந்த இளமை மருந்தும் காரணமல்ல. தடுப்பூசி, நல்ல தண்ணீர், பாதுகாப்பான பிரசவம், ஆண்டிபயாடிக், உப்பு-சர்க்கரைக் கரைசல் ஆகியவை செய்த வேலை. பெரியம்மை ஒழிந்ததில் 1899-இல் தொடங்கிய சென்னை கிண்டி கிங் நோய்த்தடுப்பு நிலையத்துக்கும் பங்குண்டு. பெரும்பாலும் குழந்தைச் சாவு குறைந்ததால்தான் சராசரி ஏறியது. உச்சவரம்பு அப்படியே இருக்கிறது: 1997-இல் இறந்த பிரான்ஸ் மூதாட்டி ஜான் கல்மானின் 122 வயதை எவரும் தாண்டவில்லை.

இன்று கையில் இருப்பது

ரத்தக் கொதிப்பும் சர்க்கரையும் வலியில்லாமலே ரத்தக்குழாயைக் கிழடாக்கும். தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. “நல்லாத்தானே இருக்கேன்” என்று அதைப் பாதியில் நிறுத்துகிறவர்களில் சிலர் பக்கவாதத்தோடு வருகிறார்கள்.

காலில் தசை கரைவதைத் தடுக்க நடையும் படியேற்றமும் வேண்டும்; தட்டில் முட்டை, கொள்ளு, வேர்க்கடலை வேண்டும். வெற்றிலையோடு போடும் புகையிலையை விடுங்கள். நெஞ்சுவலி உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மலை ஏறாதீர்கள். 30 வயதைத் தாண்டியிருந்தால், இந்த வாரமே அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொதிப்பையும் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். அங்கே காசு கேட்க மாட்டார்கள்.