வேற்றூரில் விளைந்த எழுத்து

பிழைப்பின் பொருட்டுத் தமிழகத்தை விட்டு வெளியேறி, மும்பையிலும் தில்லியிலும் கொல்கத்தாவிலும் ஐதராபாத்திலும் வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரு பேச்சு அடிக்கடி எழுவதுண்டு. எழுத்தில் நாட்டமுள்ள மகனோ மகளோ, அல்லது அலுவலகத்திலிருந்து திரும்பி இரவில் நான்கு வரி எழுதிப் பார்க்கும் தந்தையோ, "நாம் தமிழ் மண்ணில் இல்லையே, நமக்கு என்ன எழுத வரும்?" என்று சொல்லிக் கொள்வார்கள். காவிரிக் கரையையும் வைகைக் கரையையும் கண்டு வளர்ந்தவர்களுக்கே சொல்லக் கதை உண்டு. ரயில்வே குடியிருப்பில் வளர்ந்தவனுக்கு ஏது கதை என்பது இந்த ஏக்கத்தின் உட்பொருள். இவ்வெண்ணம் எத்துணை தவறானது என்பதை ஒரு ரயில்வே ஊழியரின் மகனுடைய வாழ்க்கையைக் கொண்டே விளக்கலாம் என்று கருதுகிறேன். அம்மகனின் பெயர் தியாகராஜன். தமிழ் வாசகர்கள் அவரை அசோகமித்திரன் என்று அறிவார்கள்.

அசோகமித்திரன் 1931ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 22ஆம் தேதி செகந்தராபாத்தில் பிறந்தார். அவருடைய தந்தை நிஜாம் அரசின் ரயில்வேயில் பணியாற்றியவர். வீட்டுக்குள் தமிழ், வீதியில் உருதுவும் தெலுங்கும், கண்டோன்மென்ட் பகுதியில் ஆங்கிலம். இத்தகைய சூழலில் வளரும் பிள்ளைக்கு ஒரு பழக்கம் தானே அமைந்துவிடுகிறது. பிறர் பேசுவதைக் கூர்ந்து கேட்க வேண்டியிருக்கிறது. தான் பேசுவதற்கு முன் ஒரு கணம் தயங்க வேண்டியிருக்கிறது. ஊரில் பெரும்பான்மையோடு பிறந்தவன் கவனியாமல் விடும் பலவற்றை, சிறுபான்மையாய் வாழ்பவன் கவனிக்கிறான். எழுத்தாளனுக்கு வேண்டிய முதற் பயிற்சி அதுவே.

அவர் வாலிபப் பருவத்தை எட்டிய காலம் ஐதராபாத் சமஸ்தானத்துக்குச் சோதனைக் காலம். 1947இல் நாடு விடுதலை பெற்றபோது நிஜாம் இந்தியாவுடன் இணைய மறுத்தார். ரஜாக்கர்களின் கிளர்ச்சியும், மக்களின் அச்சமும், அகதிகளின் வருகையும் ஓராண்டுக்கு மேல் நீடித்தன. 1948 செப்டம்பர் 13ஆம் தேதி இந்தியப் படை சமஸ்தானத்துக்குள் நுழைந்தது. 17ஆம் தேதி நிஜாம் பணிந்தார். அப்போது தியாகராஜனுக்கு வயது பதினேழு நிறையும் தறுவாய். அயல் ஊரில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பம் இந்தக் கொந்தளிப்பை எந்தப் பக்கமும் முற்றிலும் சேராமல் பார்த்துக் கொண்டிருந்த நிலையை அவர் மனம் பதிவு செய்துகொண்டது. அதை உடனே எழுதிவிடவில்லை என்பது நாம் நினைவில் வைக்க வேண்டிய செய்தி.

பின்னர் தந்தை மறைந்தார். ரயில்வே ஊழியரின் குடும்பம் எதுவாயினும் இதன் பொருளை விளக்கத் தேவையில்லை. வருவாயும் நின்றது, ஊரில் தங்குவதற்குரிய காரணமும் நின்றது. தந்தையின் நண்பரும் ஜெமினி ஸ்டூடியோவின் அதிபருமான எஸ். எஸ். வாசன் அழைக்க, 1952இல் தமது இருபத்தோராம் வயதில் சென்னைக்கு வந்து சேர்ந்தார். தமிழனாகிய அவர் தமிழ்நாட்டுத் தலைநகருக்குள் புதியவராக வந்தார் என்பதைக் கவனியுங்கள். விடுமுறைக்குச் சொந்த ஊர் செல்லும்போது நம் பிள்ளைகளின் பேச்சைக் கேட்டு உறவினர் புன்னகை செய்வதை நாம் அறிவோம். இரண்டு இடங்களிலும் சற்றே அயலாராக நிற்கும் அந்நிலையை அவரும் அறிந்திருந்தார்.

ஜெமினியில் அவருக்கு வாய்த்த வேலை கதை எழுதுவதன்று. செய்தித்தாள்களிலிருந்து பல பொருள் பற்றிய செய்திகளைக் கத்தரித்துக் கோப்புகளில் சேர்த்து வைப்பதே அவர் பணி. மேசையருகில் அமர்ந்து நாள் முழுவதும் தாள்களைக் கிழித்துக் கொண்டிருப்பவரைக் கண்டவர்கள், இவருக்கு வேலையே இல்லை என்று எண்ணி அருகில் வந்து அமர்ந்து பேசத் தொடங்குவார்களாம். ஒப்பனைக் கூடத்தில் இருந்தவர்களின் குறைகளும், கவிஞர்களின் கனவுகளும், சிறு பதவிகளில் தேங்கிவிட்டவர்களின் மனக்கசப்பும் இவ்வாறு அவர் காதில் விழுந்தன. பதினான்கு ஆண்டுகள் இப்படிக் கழிந்தன. வெளித் தோற்றத்தில் இது வீண் காலம். உண்மையில், 1969இல் வெளிவந்த 'கரைந்த நிழல்கள்' என்னும் நாவலுக்கு இக்காலமே மூலதனமாயிற்று. படவுலகின் பளபளப்பை விடுத்து, அதன் பின்னால் உழைத்துத் தேய்பவர்களைப் பற்றிச் சொல்லும் நாவல் அது.

இக்காலத்திலும் அவர் எழுதாமலில்லை. 'அன்பின் பரிசு' என்னும் நாடகம் பரிசு பெற்று அவருக்கு ஊக்கமளித்தது, சிறுகதைகளும் தொடர்ந்தன. இங்கிலாந்திலிருந்து வெளிவந்த 'என்கவுண்டர்' என்னும் இதழ் நடத்திய சிறுகதைப் போட்டிக்குக் கதை அனுப்ப முற்பட்டபோது, தபால் செலவே அவருக்குப் பெருந்தொகையாகத் தோன்றியதாம். அந்தத் தொகையைச் செலவிடுமுன் இதழின் தரத்தை அறிய பிரிட்டிஷ் கவுன்சில் நூலகத்துக்குச் சென்றார். அங்குதான் அதன் ஆசிரியர் ஸ்டீபன் ஸ்பெண்டர் என்பதையும், முன்பொருமுறை ஸ்டூடியோவுக்கு வந்து யாருக்கும் விளங்காத உரையாற்றிச் சென்ற ஆங்கிலக் கவிஞர் அவரே என்பதையும் கண்டுகொண்டார். தபால் தலைக்குக் கணக்குப் பார்த்த கை, எழுதுவதை மட்டும் நிறுத்தவில்லை.

1966இல் அவர் ஜெமினியை விட்டு விலகி முழுநேர எழுத்தாளரானார். அப்போது வயது முப்பத்தைந்து. இங்கு நாம் சற்று நின்று, சுதந்திர எழுத்தாளர் என்னும் சொல்லின் பொருளை ஆராய வேண்டும். மாதச் சம்பளம் இல்லை என்பது அதன் ஒரு பாதி. இன்ன கருத்தை எழுது, இன்ன முடிவை வை என்று சொல்லும் முதலாளியும் இல்லை என்பது மறு பாதி. முதற் பாதியின் துன்பத்தை ஏற்பவனுக்கே இரண்டாம் பாதியின் உரிமை கிட்டுகிறது. வாசகர்களைத் தொடர்கதைகளால் கட்டிப்போட்ட பெரும் பத்திரிகைகளின் போக்குக்கு அவர் நடை இசைவதன்று. அவர் கதைகளில் உரத்த பேச்சு இல்லை. திடீர்த் திருப்பங்கள் இல்லை. ஒரு குடும்பத்தின் ஒரு நாள், அவ்வளவே. அத்தகைய எழுத்தை வரவேற்ற சிறு இதழ்கள் பெரிதாகச் சன்மானம் தர இயலாதவை. வேலையை விட்ட பிறகு தமக்கு நேரம் மிகுந்திருந்தது, பணம் குறைந்திருந்தது என்பதை அவரே மறைக்காமல் எழுதியிருக்கிறார். மவுண்ட் ரோடு தபால் நிலையத்தின் எதிர் நடைபாதையில் ஐம்பது பைசாவுக்குக் குவித்து விற்ற புதிய நூல்களுள் ஒன்றை வாங்கியதையும், அந்நூலில் ஸ்பெண்டரின் கட்டுரை இருக்கக் கண்டதையும் அவர் விவரிக்கும்போது, அக்காலத்து அவருடைய வாழ்க்கை நம் கண்முன் நிற்கிறது.

இத்தகைய வாழ்வில் அவர் எவ்வாறு நிலைத்தார்? ஒரே ஊற்றை நம்பவில்லை என்பதே விடை. தமிழில் எழுதியதோடு ஆங்கிலப் பத்திரிகைகளிலும் கட்டுரைகளும் மதிப்புரைகளும் எழுதினார். செகந்தராபாத் தந்த ஆங்கிலம் இங்கு கைகொடுத்தது. 'கணையாழி' இதழின் ஆசிரியப் பொறுப்பை நெடுங்காலம் ஏற்றார். வெளிமாநிலத் தமிழர் நெஞ்சில் கொள்ள வேண்டிய செய்தி ஒன்று இங்கு உண்டு. 'கணையாழி' தமிழ்நாட்டில் பிறந்த இதழ் அன்று. தில்லியில் நிருபராக இருந்த கி. கஸ்தூரிரங்கன் 1965இல் அந்நகரிலேயே தொடங்கியது. தில்லித் தமிழர் முயற்சியும் செகந்தராபாத் தமிழரின் உழைப்பும் சேர்ந்து தமிழ் இலக்கியத்துக்கு அளித்த கொடை அது.

1973இல் அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்து எழுத்தாளர் திட்டத்தில் பங்கேற்றார். அவ்வனுபவம் பின்னர் 'ஒற்றன்' என்னும் நாவலாயிற்று. செகந்தராபாத் நாட்களை '18வது அட்சக்கோடு' என்னும் நாவலாக அவர் வெளியிட்டது 1977இல்தான். நிகழ்ச்சி நடந்து இருபத்தொன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. ஊரை விட்டு வந்து இருபத்தைந்து ஆண்டுகள். கிரிக்கெட் ஆடித் திரியும் சந்திரசேகரன் என்னும் ரயில்வே வீட்டுப் பையன், கலவர நாளில் அஞ்சி நடுங்கும் ஓர் இஸ்லாமியக் குடும்பத்தைக் கண்டு, மனிதன் மனிதனை எந்நிலைக்குத் தள்ளக்கூடும் என்று உணர்ந்து வெட்கி ஓடுவதோடு அந்நாவல் முடிகிறது. அதை எந்தக் காவிரிக் கரையும் அவருக்குத் தந்திருக்க முடியாது.

வேலையின் நினைவுகளும் பிற்காலத்தில் பயன்பட்டன. 'இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி' இதழின் ஆசிரியர் பிரீதீஷ் நந்தி கேட்டுக்கொண்டதன் பேரில் ஜெமினி நாட்களை ஆங்கிலத்தில் கட்டுரைகளாக எழுதினார். அவை நூலாகவும் வந்தன. அதிலிருந்து எடுத்த பகுதி பல ஆண்டுகளாகப் பன்னிரண்டாம் வகுப்பு ஆங்கிலப் பாடநூலில் இடம்பெற்று வந்துள்ளது. உங்கள் வீட்டுப் பிள்ளைகள், எழுதியவர் தமிழர் என்று அறியாமலே அதைப் படித்துத் தேர்வெழுதியிருக்கவும் கூடும். 1996இல் 'அப்பாவின் சிநேகிதர்' என்னும் தொகுப்புக்குச் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. வேலையை விட்டு முப்பதாம் ஆண்டு அது. 2017 மார்ச் 23ஆம் தேதி சென்னையில் காலமாகும் வரை அவர் பேனாவைக் கீழே வைக்கவில்லை.

இவ்வாழ்க்கையைக் காட்டி, எல்லோரும் வேலையைத் துறந்துவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. வறுமை எவருக்கும் புகழுக்குரிய அணிகலன் அன்று. அதன் சுமையில் பாதியைக் குடும்பமும் சேர்ந்தே சுமக்கிறது. நான் சொல்ல விரும்புவது வேறு. நீங்கள் வாழும் ஊரைத் தற்காலிகமாகத் தங்கும் சத்திரமாகக் கருத வேண்டா. உங்கள் தெருவில் கேட்கும் மராத்தியும் வங்காளமும் இந்தியும், அலுவலகத்தில் கழியும் பயனற்றதுபோல் தோன்றும் மணிகளும், பிள்ளைகளின் கலப்புத் தமிழும்கூட எழுத்துக்குரிய பொருளே. வீட்டில் தமிழ் படிக்கும் வழக்கம் மட்டும் அறுந்துபோகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மொழி கையில் இருந்தால், விட்டு வந்த ஊரும் வந்து சேர்ந்த ஊரும் என்றேனும் ஒரு நாள் அதில் இடம் பெறும்.