புழுதி அடங்கிய பிறகு வந்த நோய்: 9/11 மீட்பாளர்களுக்கும் தப்பியவர்களுக்கும் உள்ள மருத்துவ உரிமை

2001 செப்டம்பர் 11 என்றதும் நம் வீடுகளில் பேச்சு பெரும்பாலும் அரசியல் பக்கம்தான் போகும். அதற்குப் பின் வந்த போர்கள், விமான நிலையச் சோதனைகள், பெயரைக் கேட்டதுமே மாறிய பார்வைகள் என்று பேச நிறைய உண்டு. அந்த நாளின் இன்னொரு பக்கம் நம்மிடையே அதிகம் பேசப்படுவதில்லை. அன்று உயிர் தப்பியவர்களிலும், பிறரைக் காப்பாற்ற ஓடியவர்களிலும் பலர் அதே நாளின் காரணமாக இன்றும் நோயுற்று இறந்துகொண்டிருக்கிறார்கள். இவர்களுக்கான மருத்துவ உதவி எப்படி வந்தது, யாருக்கெல்லாம் அதில் உரிமை உண்டு என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம். அந்நாட்களில் நியூயார்க்கில் வேலை பார்த்த, படித்த உறவினர் உள்ள குடும்பங்கள் இதைக் கடைசி வரை படித்து, அவர்களுக்கும் எடுத்துச் சொல்ல வேண்டுகிறோம்.

புழுதியில் என்ன இருந்தது?

இரட்டைக் கோபுரங்கள் சரிந்தபோது எழுந்த புழுதியில் சிமெண்ட் தூள், கண்ணாடி இழை, ஆஸ்பெஸ்டாஸ், ஈயம் முதலியவை கலந்திருந்தன. இடிபாடுகளுக்குள் டிசம்பர் மாதம் வரை நெருப்பு கனன்றுகொண்டிருந்தது. ஆனால் செப்டம்பர் 18 அன்றே, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர் கிறிஸ்டின் டாட் விட்மன், அங்குள்ள காற்றைச் சுவாசிப்பது பாதுகாப்பானது என்று அறிவித்தார். அப்படி அறிவிக்கப் போதிய தரவு அப்போது இல்லை என்று அதே முகமையின் கண்காணிப்பு அதிகாரி 2003ல் அறிக்கை தந்தார்.

இடைப்பட்ட காலத்தில் மக்கள் அந்த அறிவிப்பை நம்பி வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் திரும்பிவிட்டார்கள. இடிந்த இடத்திலிருந்து சில தெருக்களே தள்ளியுள்ள ஸ்டைவசன்ட் உயர்நிலைப் பள்ளி அக்டோபர் 9 அன்று திறக்கப்பட்டது. துப்புரவுத் தொழிலாளர்கள் பலர் முறையான முகக்கவசம்கூட இல்லாமல் அந்தப் புழுதியைக் கூட்டி அள்ளினார்கள்.

விளைவு மெல்ல மெல்லத் தெரிந்தது. விடாத இருமல், ஆஸ்துமா, சைனஸ் அழற்சி, நெஞ்செரிச்சல், நுரையீரல் நோய், மன உளைச்சல், பிறகு புற்றுநோய். நியூயார்க் தீயணைப்புத் துறையில் அந்த ஒரே நாளில் இறந்தவர்கள் 343 பேர். அதன் பின் உலக வர்த்தக மையம் தொடர்பான நோய்களால் இறந்த தீயணைப்புத் துறையினரின் எண்ணிக்கையும் 2023 செப்டம்பரில் அதே 343ஐத் தொட்டது.

சட்டம் வந்த கதை

நோய் புழுதியால்தான் வந்தது என்று நிரூபிப்பது எளிதாக இருக்கவில்லை. ஜேம்ஸ் ஸட்ரோகா என்ற நியூயார்க் காவல்துறைத் துப்பறிவாளர் இடிபாடுகளில் பணியாற்றி, நுரையீரல் பாதிக்கப்பட்டு, 2006 ஜனவரியில் 34 வயதில் இறந்தார். உடற்கூறு செய்த நியூ ஜெர்சி மருத்துவர் புழுதியே காரணம் என்றார். நியூயார்க் நகரத் தலைமை மருத்துவப் பரிசோதகர் அதை மறுத்தார். இறந்த ஒருவரைச் சுற்றி இப்படி வழக்காடும் நிலை இருந்தபோது, உயிரோடு இருந்த நோயாளிகள் என்ன பாடுபட்டிருப்பார்கள் என்பதை நாம் ஊகிக்கலாம்.

பல ஆண்டு இழுபறிக்குப் பின், அவர் பெயரிலேயே அமைந்த சட்டத்தில் 2011 ஜனவரி 2 அன்று அதிபர் ஒபாமா கையெழுத்திட்டார். உலக வர்த்தக மைய சுகாதாரத் திட்டம் அதன் மூலம் உருவானது. முன்பு மூடப்பட்டிருந்த பாதிக்கப்பட்டோர் இழப்பீட்டு நிதியும் மீண்டும் திறக்கப்பட்டது. 2012ல் பல வகைப் புற்றுநோய்கள் பட்டியலில் சேர்க்கப்பட்டன. 2015ல் சுகாதாரத் திட்டம் 2090 வரை நீட்டிக்கப்பட்டது.

இழப்பீட்டு நிதியின் நிலைமை வேறாக இருந்தது. பணம் போதவில்லை என்று 2019 பிப்ரவரியில் வழங்கும் தொகைகள் பாதிக்கும் கீழாகவும் வெட்டப்பட்டன. அவ்வாண்டு ஜூன் மாதம், லூயிஸ் ஆல்வரெஸ் என்ற ஓய்வுபெற்ற காவல்துறைத் துப்பறிவாளர், புற்றுநோயால் மெலிந்த உடலோடு நாடாளுமன்றக் குழுவின் முன் சாட்சி சொன்னார். மூன்று வாரத்துக்குள் இறந்துபோனார். ஜூலையில் செனட் சபை 97-2 என்ற வாக்கில் நிதியை நீட்டித்தது. ஆக, இந்த உரிமை எதுவும் தானாக வரவில்லை. நோயாளிகளே மன்றத்துக்கு நடந்து சென்று பெற்றார்கள்.

யாருக்கு உரிமை உண்டு?

சுகாதாரத் திட்டம் இரு சாராரைச் சேர்த்துக்கொள்கிறது.

முதலாவது, மீட்பாளர்கள். தீயணைப்பு வீரர், காவலர் மட்டுமின்றி, இடிபாடு அகற்றிய, துப்புரவு செய்த தொழிலாளர்களும் தன்னார்வலர்களும் இதில் அடங்குவர். பென்டகனிலும் பென்சில்வேனியாவின் ஷாங்க்ஸ்வில்லிலும் பணியாற்றியவர்களுக்கும் உண்டு. இவர்களுக்கு நோய் அறிகுறி இல்லாவிட்டாலும் ஆண்டுதோறும் பரிசோதனை கிடைக்கும்.

இரண்டாவது, தப்பியவர்கள். மன்ஹாட்டனில் ஹூஸ்டன் தெருவுக்குத் தெற்கிலும், வர்த்தக மையத்திலிருந்து ஒன்றரை மைல் தொலைவுக்குள் வரும் புரூக்ளின் பகுதியிலும் அப்போது வசித்த, வேலை பார்த்த, படித்தவர்கள். இவர்கள் சேர, நோய் அறிகுறி இருக்க வேண்டும்.

அங்கீகரிக்கப்பட்ட நோய்க்கான சிகிச்சைக்கு இரு சாராரும் கையிலிருந்து பணம் கட்ட வேண்டியதில்லை. அமெரிக்கக் குடியுரிமையும் தேவையில்லை. சேர்வதற்குக் கடைசித் தேதி கிடையாது. ஆனால் சிகிச்சை அமெரிக்காவுக்குள் மட்டுமே கிடைக்கும்.

இழப்பீட்டு நிதி இதிலிருந்து வேறானது. அதன் எல்லை கனால் தெருவுக்குத் தெற்கே என்று இன்னும் குறுகியது. நோய் 9/11 தொடர்புடையது என்று சுகாதாரத் திட்டம் சான்றளித்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் நிதியில் பதிவு செய்ய வேண்டும். கோரிக்கை தாக்கல் செய்ய 2090 அக்டோபர் 1 வரை காலம் உண்டு. இறந்தவருக்காக அவருடைய சட்டப்பூர்வப் பிரதிநிதி கோரலாம். ஒன்றில் சேர்ந்தால் மற்றதிலும் சேர்ந்ததாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி அல்ல. இரண்டுக்கும் தனித்தனியே விண்ணப்பிக்க வேண்டும்.

நம் தயக்கம் பற்றி ஒரு சொல்

முஹம்மத் சல்மான் ஹம்தானி கராச்சியில் பிறந்து நியூயார்க்கில் வளர்ந்த 23 வயது இளைஞர். அவசர மருத்துவ உதவியாளராகவும் காவல்துறைப் பயிற்சி மாணவராகவும் இருந்தவர். அன்று வேலைக்குக் கிளம்பியவர் வீடு திரும்பவில்லை. இடிபாட்டில் இறந்திருக்கலாம் என்று எண்ணுவதற்குப் பதில், அவரைச் சந்தேக நபராகத் தேடுவதாகப் பத்திரிகையில் செய்தி வந்தது. 2002 மார்ச்சில் அவர் உடலின் எச்சங்கள் இடிபாடுகளில் கிடைத்தவை என்று உறுதியானது. ஏப்ரலில் நியூயார்க் பள்ளிவாசலில் நடந்த ஜனாஸாவில் நகர மேயரும் காவல்துறை ஆணையரும் கலந்துகொண்டார்கள்.

இந்தச் சுகாதாரத் திட்டத்துக்கு விண்ணப்பிப்போரின் பெயர்களும் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலோடு ஒப்பிடப்படுகின்றன. அதைக் கேட்டதுமே, "நமக்கு எதற்கு வம்பு" என்று ஒதுங்கத் தோன்றும். அந்தத் தயக்கம் எங்கிருந்து வருகிறது என்பது நமக்குத் தெரியும். ஆனால் இந்த ஒப்பீடு தீயணைப்பு வீரர் உட்பட எல்லா விண்ணப்பதாரருக்கும் பொது. அதற்கு அஞ்சி ஒதுங்கினால் நோய் நம்மோடு தங்கும், மருந்து மட்டும் கைவிட்டுப் போகும்.

இப்போது என்ன செய்யலாம்?

அந்தக் காலத்தில் அங்கே இருந்த உறவினருக்கு இன்றே தொலைபேசி செய்து கேளுங்கள். கடையில் நின்றவர், அலுவலகம் கூட்டியவர், விடுதியில் தங்கிப் படித்தவர் எவராகவும் இருக்கலாம். 'அங்கே இருந்தேன்' என்பதற்குச் சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம், பள்ளிச் சான்று, தொழிற்சங்க அட்டை போன்றவற்றைத் தேடி எடுக்கச் சொல்லுங்கள். ரொக்கக் கூலிக்கு வேலை செய்தவரிடம் காகிதம் இருக்காது. அவரை அங்கே கண்ட உடன் வேலையாளின் எழுத்துச் சாட்சியம் அப்போது கை கொடுக்கும். ஆண்டுகள் போகப் போக அந்தச் சாட்சிகளும் குறைந்துகொண்டே வருகிறார்கள். மருத்துவரிடம் போகும்போது, 2001ல் எங்கே இருந்தார் என்பதையும் மறக்காமல் சொல்லச் சொல்லுங்கள். கேட்காத மருத்துவருக்கு அது தெரிய வழியில்லை.