டிஷ் இல்லாத வீட்டில் மைஷா மேஜிக்

வேலை விஷயமாக நைரோபியில் ஒரு வீட்டில் தங்கியிருந்தேன். மாலையானால் அந்த வீட்டுப் பாட்டிக்கு 'மைஷா மேஜிக் ஈஸ்ட்' ஓடியாக வேண்டும். சுவாஹிலி நாடகங்களைத் தரும் பொழுதுபோக்குச் சேனல் இது. 'மைஷா' என்றால் வாழ்க்கை.

மாடியில் டிஷ் இல்லையே, எப்படி வருகிறது? டிஷ் தேவைப்படும் டிஎஸ்டிவி தவிர, கோடிவியிலும் இது கிடைத்தது. கோடிவி, டிவிபி-டி2 என்ற தரைவழி டிஜிட்டல் முறை. அனலாக்கில் ஒரே சேனல் பிடித்துக்கொண்ட அலைவரிசையில் இதில் பல சேனல்களை அடக்கலாம். சிறிய ஆன்டெனாவும் செட் டாப் பாக்ஸும் போதும். கென்யாவில் அனலாக் ஒளிபரப்பு 2015-ல் நின்றுவிட்டது.

ஒருநாள் சேனல் வரவில்லை. "கம்ப்யூட்டர் இன்ஜினியர்தானே, சரிசெய்!" என்றார் பாட்டி. ஆன்டெனாவைத் திருப்பினேன், கேபிளை மாற்றினேன். கடைசியில் பார்த்தால், சிக்னலில் குறையே இல்லை. மாதச் சந்தா தீர்ந்திருந்தது! எம்-பெசாவில் பணம் கட்டியதும் நாடகம் வந்தது. ரிப்பேர் செய்த பெருமை மட்டும் எனக்கு!